தாளில் இடம் யாருக்குச் சொந்தம்? விளக்கப்படமும் புள்ளியியல் வரைபடமும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்தில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தும் இளம் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். நவம்பர் 16ஆம் தேதிக்காக, நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக நாட்டாலில் (இன்றைய குவாசுலு-நாட்டால் மாகாணம்) வந்திறங்கிய கதையைப் பிள்ளைகள் அட்டைகளில் வரைகிறார்களாம். ஒரு பையன் ஆண்டுவாரியாகப் பட்டைகள் வரைந்திருக்கிறான். ஒரு சிறுமி தென்னாப்பிரிக்காவின் எல்லைக்கோட்டை வரைந்து மாகாணத்துக்கு ஒரு வட்டம் போட்டிருக்கிறாள். பிள்ளைகள் இரண்டையும் "வரைபடம்" என்றே சொல்கிறார்கள். விளக்கப்படத்துக்கும் புள்ளியியல் வரைபடத்துக்கும் என்ன வேறுபாடு, சிறுமியின் படம் எதில் சேரும் என்று கேட்கிறார்.

அம்மா, பிள்ளைகள் மேல் தவறில்லை; நம் மொழியிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கணக்குப் பாடத்தில் கட்டத்தாளில் போடும் கோடும் வரைபடம்தான், புவியியல் பாடத்தில் சுவரில் தொங்கும் இந்தியாவும் வரைபடம்தான். இலங்கைத் தமிழர்கள் ஒன்றை வரைபு என்றும் மற்றதைத் தேசப்படம் என்றும் பிரித்துவிட்டார்கள். அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நான் முப்பது ஆண்டுகள் டர்பனில் புவியியல் கற்பித்தவன். பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது, ஆனாலும் குழப்பம் மட்டும் இதே குழப்பமாக இருந்தது. ஆகவே சொல்லை மட்டும் குறை சொல்லவும் முடியாது. இந்தப் பதிலில் நிலத்தைக் காட்டுவதை நிலப்படம் என்றும், மற்றதை விளக்கப்படம் என்றும் எழுதுகிறேன்.

பாடநூல்கள் இரண்டு பத்தியாகப் பிரித்து அட்டவணை போடும்: இதற்கு அச்சு உண்டு, அதற்கு அளவுகோல் உண்டு, இது எளிது, அது கடினம் என்று. மனப்பாடம் செய்து தேர்வு எழுத அது போதும். என் வகுப்பில் நான் கேட்டது ஒரே கேள்விதான். தாளில் ஒன்றை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது யார்?

விளக்கப்படத்தில் அந்த முடிவு வரைபவருடையது. ஒன்பது மாகாணங்களின் மக்கள்தொகையைப் பட்டைகளாக வரைகிறீர்கள் என்று வையுங்கள். பெரியதிலிருந்து சிறியதுக்கு அடுக்கலாம், அகரவரிசையில் அடுக்கலாம், படுக்கவும் வைக்கலாம். கௌடெங் பட்டையும் வெஸ்டர்ன் கேப் பட்டையும் ஒட்டி நின்றால் அவை அண்டை மாகாணங்கள் என்று யாரும் நினைக்கப்போவதில்லை. உண்மை பட்டையின் உயரத்தில் இருக்கிறது; அது நிற்கும் இடத்தில் இல்லை. புள்ளியியல் நிலப்படத்திலோ இடம் நிலத்துக்குச் சொந்தம். உள்நாட்டில் இருக்கும் கௌடெங்கைத் தூக்கிக் கடற்கரையில் வைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. எண்ணை நீங்கள் கொண்டுவரலாம். இடம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

இதையே சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம். படத்தில் ஒரு துண்டை வேறிடத்துக்கு நகர்த்திப் பாருங்கள். படம் பொய்யாகிவிட்டால் அது நிலப்படம், ஒன்றும் ஆகாவிட்டால் விளக்கப்படம். (காலக்கோட்டில் ஆண்டுகளின் வரிசையை மாற்ற முடியாதே என்று ஒரு கெட்டிக்கார மாணவன் ஒருமுறை மடக்கினான். சரிதான். அங்கே நகர முடியாதது காலம், நிலம் அன்று.)

சிறுமியின் படத்தை இந்தச் சோதனையில் வைத்தால், வட்டம் தனியாகப் பார்க்கும்போது விளக்கப்படம். ஆனால் குவாசுலு-நாட்டால் வட்டத்தை லிம்போப்போவுக்கு நகர்த்தினால் படம் பொய். ஆகவே அது புள்ளியியல் நிலப்படம்தான், விளக்கப்படத்தைக் குறியீடாகப் பயன்படுத்திய நிலப்படம். அவளுக்கு நல்ல துணையும் இருக்கிறது. பிரெஞ்சுப் பொறியாளர் மினார், பாரிசுக்கு இறைச்சிக்கால்நடை அனுப்பிய மாவட்டங்களை 1858இல் இப்படித்தான் காட்டினார்: நிலப்படத்தின் மேல் வட்டங்கள், வட்டத்துக்குள் மாடு, கன்று, ஆடு என்று கூறுகள்.

ஆனால் அவள் வட்டங்களை அளந்துபாருங்கள். நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது செய்த பிழையை அவளும் செய்திருக்க வாய்ப்பு உண்டு. மதிப்பு இரு மடங்கு என்றால் ஆரத்தையும் இரு மடங்காக்கிவிடுவோம். பரப்பு நான்கு மடங்காக வீங்கிவிடும். கண் ஆரத்தைப் பார்ப்பதில்லை, பரப்பைப் பார்க்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர் அல்லது ஆசியர் என்று பதிவானவர்கள் குவாசுலு-நாட்டாலில் ஏறத்தாழ 7,57,000 பேர், கௌடெங்கில் ஏறத்தாழ 3,57,000 பேர். இரண்டு மடங்குக்குச் சற்று மேல். கௌடெங் வட்டத்துக்கு 2 செ.மீ. ஆரம் கொடுத்தால் நாட்டால் வட்டத்துக்கு 2.9 செ.மீ. தான் தர வேண்டும், வர்க்கமூலம் எடுத்து. 4 செ.மீ. கொடுத்தால் கௌடெங் தமிழர்கள் சண்டைக்கு வருவார்கள். அட்டையின் தலைப்பில் "தமிழர்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தக் கணக்கில் தெலுங்கர், இந்தி பேசியவர், குஜராத்தியர், உருது பேசியவர், மற்ற ஆசியர் எல்லாரும் சேர்ந்திருக்கிறார்கள்.

இடம் நிலத்துக்குச் சொந்தம் என்பதிலிருந்துதான் நிலப்படத்தின் பலமும் வருகிறது, அது செய்யும் ஏமாற்றும் வருகிறது. ஏமாற்றை முதலில் சொல்கிறேன், அதுதான் சுவையானது.

நார்தர்ன் கேப் மாகாணம் நாட்டின் பரப்பில் சுமார் 30 சதவீதம். 2022 கணக்கெடுப்பில் நாட்டின் 6 கோடியே 20 லட்சம் மக்களில் அங்கே இருந்தவர்கள் ஏறத்தாழ பதின்மூன்றரை லட்சம், அதாவது நூற்றுக்கு இரண்டு பேர். கௌடெங்கோ பரப்பில் ஒன்றரை சதவீதம். மக்களில் ஏறத்தாழ கால் பங்கு. மாகாணங்களுக்கு நிறம் தீட்டினால் கரூ வறண்ட வெளி முழுதும் ஒரு நிறமாகப் பரந்து கிடக்கும். ஜொஹானஸ்பர்க்கும் பிரிட்டோரியாவும் சேர்ந்து கட்டைவிரல் ரேகைக்குள் அடங்கிவிடும். பட்டை விளக்கப்படத்தில் இந்த அநியாயம் நடக்காது. அங்கே அகலம் எல்லாருக்கும் ஒன்றே, உயரம் மட்டுமே பேசும்.

2024 மே மாதத் தேர்தல் முடிவைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். மாகாணத்தில் முதலிடம் பெற்ற கட்சியின் நிறத்தை அந்த மாகாணத்துக்குப் பூசியபோது, ஒன்பதில் ஏழு மாகாணங்கள் ஏ.என்.சி. (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) நிறத்தில் இருந்தன. வெஸ்டர்ன் கேப்பும் நம் குவாசுலு-நாட்டாலும் மட்டும் வேறு நிறம். பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஒரே நிறம். அதே முடிவை 400 இருக்கைகள் கொண்ட அரைவட்டமாகப் போட்டபோது அந்தக் கட்சிக்கு 159 இடங்கள்தான், பெரும்பான்மை போய்விட்டது. இரண்டு படமும் ஒரே வாக்குகளிலிருந்து வந்தவை, இரண்டிலும் ஒரு எண்கூடப் பிழையில்லை. ஆனால் நிலப்படத்தை மட்டும் பார்த்தவர் ஒரு கட்சி அடித்துச் சென்றது என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போயிருப்பார். யார் ஆட்சி என்பது இருக்கைக் கணக்கு. அதற்கு விளக்கப்படம்தான் சரி. எந்தக் கட்சிக்கு எங்கே வேர் என்பது இடக் கணக்கு, அதற்கு நிலப்படம்.

நிறம் தீட்டும் நிலப்படத்தைப் புவியியலார் கோரோபிளெத் என்பார்கள். 1826இல் பிரான்சின் சார்ல் துப்பேன், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எங்கே குறைவு என்று காட்ட, மாவட்டங்களை வெள்ளையிலிருந்து கருப்புவரை நிழலூட்டினார். அந்த வகையின் முதல் படம் அதுதான். அவர் பிள்ளைகளின் தலைகளை எண்ணி நிழலூட்டவில்லை. எத்தனை பேருக்கு ஒரு மாணவர் என்ற விகிதத்தை எடுத்தார். இன்றுவரை அதுவே விதி: நிறம் தீட்டுகிறீர்களா, விகிதமோ அடர்த்தியோ கொண்டுவாருங்கள். வெறும் எண்ணிக்கை என்றால் வட்டம் அல்லது புள்ளி. பெரிய நிலத்தில் பெரிய எண் இருப்பது இயல்பு. அதை அடர்ந்த நிறமாக்கினால் பரப்பையே இரண்டு முறை காட்டியதாகிவிடும்.

விகிதம் எடுத்தாலும் இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. 2011இல் குவாசுலு-நாட்டாலில் இந்தியர் 7.4 சதவீதம். மாகாணம் முழுதும் அந்த நிறத்தைப் பூசினால், டிராக்கென்ஸ்பெர்க் மலையடிவாரத்திலும் சுலுலாந்தின் உள்நாட்டிலும் சாட்ஸ்வொர்த் அளவுக்கே நம்மவர்கள் இருப்பதுபோலத் தோன்றும். நிறம் எல்லைக்கோட்டில்தான் மாறும். மக்கள் அப்படி வாழ்வதில்லை. சாம்பாரில் உப்பு கரைவதுபோல எண் மாகாணத்தில் கரைந்துவிடுகிறது.

இதற்கு மருந்து புள்ளிப்படம். ஆயிரம் பேருக்கு ஒரு புள்ளி என்று வைத்து, அவர்கள் வாழும் பகுதியிலேயே இட வேண்டும். 1830இல் மோந்திசோன் என்ற பிரெஞ்சுக்காரர் பத்தாயிரம் பேருக்கு ஒரு புள்ளி என்று பிரான்சைப் புள்ளியாக்கினார். ஆனால் மாவட்டத்துக்குள் புள்ளிகளைச் சீராகப் பரப்பிவிட்டார். கோலப்புள்ளி மாதிரி இடைவெளி விட்டுப் போட்டால் புள்ளிப்படத்தின் பயனே போய்விடும். நம் நாட்டாலைப் புள்ளியிட்டால் என்ன தெரியும் என்று பாருங்கள். உம்சிந்தோவிலிருந்து டர்பன், வெருலம், டோங்காட், ஸ்டாங்கர் என்று கடலோரமாக ஒரு மாலை விழும். அது கரும்புத் தோட்டங்களின் மாலை. டண்டீ, நியூகாசில் பக்கம் தனியாகச் சில புள்ளிகள். அங்கே நிலக்கரிச் சுரங்கம். டர்பனில் மட்டும் புள்ளிகள் இரண்டு கொத்தாகக் குவியும்: தெற்கே சாட்ஸ்வொர்த், வடக்கே ஃபீனிக்ஸ். இவை மக்கள் தாமாகத் தேடிப்போன இடங்கள் அல்ல. 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் கேட்டோ மேனர் முதலிய பகுதிகளிலிருந்து பெயர்த்து எடுத்து வைத்த இடங்கள். என் ஆயா தன் மாமரத்தைப் பற்றிக் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தார். மரம் கேட்டோ மேனரில் நின்றுவிட்டது. அந்தச் சட்டமே ஒரு நிலப்படத்தைக் கொண்டுதான் நடந்தது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எந்தத் தெரு எந்த இனத்துக்கு என்று நிறம் தீட்டிய தாள் அது. எண்ணைக் காட்ட அல்ல, ஆளை நகர்த்த.

மற்ற நிலப்பட வகைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மழை, வெப்பம்போல எல்லையில் நிற்காமல் தொடர்ந்து மாறுபவற்றுக்கு, ஒரே அளவுள்ள இடங்களை இணைக்கும் சம அளவுக் கோடுகள்: சமமழைக் கோடு, சமவெப்பக் கோடு. சமவெப்பக் கோட்டை 1817இல் ஜெர்மன் அறிஞர் ஹம்போல்ட் கொண்டுவந்தார். மக்கள்தொகைக்கு அதைப் போட வேண்டாம். இரண்டு ஊர்களுக்கு நடுவே அரை ஊர் கிடையாது. சரக்கோ மக்களோ நகர்வதைக் காட்ட அம்புக்கோடு, அளவுக்கு ஏற்ற தடிமனில். விளக்கப்பட வகைகள் உங்களுக்கே தெரிந்தவை: காலத்துக்குக் கோடு, ஒப்பீட்டுக்குப் பட்டை, முழுமையின் கூறுகளுக்கு வட்டம், வயதுக்கும் பாலினத்துக்கும் கூம்பு. பட்டை பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். பத்திரிகைகளே அதில் தவறுகின்றன.

மழை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது, இரண்டு படமும் ஏன் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. தென்னாப்பிரிக்காவின் ஆண்டு மழையை நிலப்படமாக்கினால் கிழக்குக் கரை ஈரம், மேற்கே போகப் போக வறட்சி, தென்மேற்கு மூலையில் கேப் டவுன் மலைகளை ஒட்டி மீண்டும் கொஞ்சம் ஈரம். எங்கே என்பது ஒரே பார்வையில் தெரிகிறது. ஆனால் அந்தப் படம் ஒரு பெரிய செய்தியை விழுங்கிவிடுகிறது: டர்பனில் மழை கோடையில், கேப் டவுனில் குளிர்காலத்தில். இரண்டு ஊருக்கும் மாதவாரியாகப் பன்னிரண்டு பட்டைகள் வரைந்து பக்கத்தில் வைத்தால், ஒன்று நடுவில் பள்ளமாகவும் மற்றது நடுவில் மேடாகவும் நிற்கும். அந்தப் பட்டைகளோ கேப் டவுனுக்குள்ளேயே மலையடியில் இருக்கும் நியூலேண்ட்ஸில் நகர மையத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெய்கிறது என்பதைச் சொல்லாது. அதற்குத் திரும்ப நிலப்படத்திடம்தான் போக வேண்டும்.

பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். பட்டைப் படத்தையும் காலக்கோட்டுப் படத்தையும் உலகுக்குக் கொடுத்தவர் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர். 1786இல் வந்த அந்தப் புத்தகத்துக்கு அவர் வைத்த பெயர் "வணிக, அரசியல் அட்லஸ்". அட்லஸ் என்று பெயர், உள்ளே ஒரு நிலப்படமும் இல்லை. இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு லண்டன் சுரங்க ரயில் படம். 1933 முதல் எல்லாரும் அதை மேப் என்கிறார்கள். நிலையங்களின் வரிசை சரி, எங்கே வண்டி மாறலாம் என்பது சரி, ஆனால் தூரமும் திசையும் வரைந்தவர் வசதிக்கு வளைந்தவை. என் சோதனைப்படி அது பெரும்பாலும் விளக்கப்படம்.

இனி உங்கள் கண்காட்சி. அந்தப் பையனின் பட்டைகளைத் தள்ளிவிடாதீர்கள். ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பனில் நின்றது முதல், 1911இல் கடைசிக் கப்பல் வரை வந்தவர்கள் சுமார் 1,52,000 பேர். ஆண்டுக்கு ஒரு பட்டையாக அவன் சரியாக வரைந்திருந்தால், நடுவே ஒரு பொக்கை தெரியும்: 1866க்குப் பிறகு 1874வரை பட்டையே இருக்காது. நாட்டாலில் வணிகம் சரிந்து ஆள் எடுப்பது நின்றது. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிய முதல் தொகுதியினர், சம்பளத்தைப் பற்றியும் நடத்தப்பட்ட விதத்தைப் பற்றியும் இந்தியாவில் முறையிட்டார்கள். 1872இல் விசாரணைக் குழு அமைந்தது. அதன் பிறகுதான் கப்பல்கள் மறுபடி புறப்பட்டன. வாய் திறந்து பேசிய கூலிக்காரர்களின் தடம் அந்தப் பொக்கையில் இருக்கிறது. பிள்ளைகள் அதை "தரவு இல்லை" என்று நினைத்துப் பட்டைகளை நெருக்கி ஒட்டிவிடுவார்கள். காலி ஆண்டுகளுக்கும் இடம் விடச் சொல்லுங்கள். இந்த வெறுமையை எந்த நிலப்படமும் காட்டாது.

நிலப்படம் காட்டும் வெறுமை வேறு. சிறுமியிடம் இரண்டாவது அட்டை ஒன்று கொடுத்து, 1911ஆம் ஆண்டுக்கான புள்ளிப்படம் வரையச் சொல்லுங்கள், அன்றைய நான்கு மாகாணங்களோடு: நாட்டால், டிரான்ஸ்வால், கேப், ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட். இன்றைய ஒன்பது மாகாண எல்லைகள் 1994இல் வந்தவை. பழைய எண்ணை அவற்றில் இட்டால் படம் பொய் சொல்லும். புள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை நாட்டாலில் விழும், கொஞ்சம் டிரான்ஸ்வாலில், அதைவிடக் குறைவாகக் கேப்பில். ஃப்ரீ ஸ்டேட் வெறுமையாகக் கிடக்கும். அந்த நிலம் பாலைவனமும் அல்ல, நாட்டாலிலிருந்து எட்டாத தூரமும் அல்ல; மலையைத் தாண்டினால் அடுத்தது அதுதான். இந்தியர் அங்கே குடியேறுவதை 1891இல் ஒரு சட்டம் தடுத்தது, தடை நீங்கியது 1980களின் நடுவில். பட்டைப் படத்தில் ஃப்ரீ ஸ்டேட் பூஜ்யத்தை ஒட்டிய ஒரு கோடாகக் கடைசியில் நின்றிருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். நாட்டின் நடுவில் ஓட்டை விழுந்ததுபோல நிலப்படத்தில் நிற்கும்போது எட்டு வயதுப் பிள்ளையும் ஏன் என்று கேட்கும்.

நிறங்களில் கட்டுப்பாடு வேண்டும். ஒரே நிறத்தின் வெளிர், நடுத்தரம், அடர்த்தி போதும். சிவப்பு, பச்சை, ஊதா என்று திருவிழாக் கடையாக்கினால் எது அதிகம் எது குறைவு என்பது தெரியாது. நிலப்படத்தில் அளவுகோல், வடக்குக் குறி, ஒரு புள்ளிக்கு எத்தனை பேர் என்ற விளக்கக் குறிப்பு, கணக்கெடுப்பு ஆண்டு ஆகியவை இருக்க வேண்டும். பட்டைப் படத்தில் இரண்டு அச்சுக்கும் பெயர்.

இன்னொன்று, எழுதி முடிக்கும் முன். விளக்கக் குறிப்புப் பெட்டியை வரைய இடம் தேடும்போது, காலியாகத்தானே இருக்கிறது என்று அந்தச் சிறுமி அதை ஃப்ரீ ஸ்டேட்டின் மேல் வைத்துவிடுவாள். என் மாணவர்கள் பலர் வைத்திருக்கிறார்கள். வலது பக்கம் இந்தியப் பெருங்கடல் அகலமாகக் கிடக்கிறது. பெட்டியை அங்கே வைக்கச் சொல்லுங்கள்.